சீலிங் ஃபேன் படத்தை யாருக்கு அனுப்புகிறாள்?

பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஒருநாள் ராத்திரி மல்லாந்து படுத்தபடி சீலிங் ஃபேனை போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினாள்.

"எதுக்குடி இது?"

"ஸ்ட்ரீக்மா. விட்டா போயிடும்."

ஸ்னாப்சாட் என்கிற ஆப்பில் இரண்டு பேரும் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்பிவந்தால் 'ஸ்ட்ரீக்' என்கிற நாள் கணக்கு ஏறுமாம். தவறினால் போச்சு. படத்தில் ஃபேன் இருந்தால் என்ன, தலையணை இருந்தால் என்ன! எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போடுகிறாரே, கிட்டத்தட்ட அதேதான்.

இதை "வெட்டியா போனை நோண்டுறா" என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு. தோழிக்கு ஒரு ரீல் அனுப்பினால் 'உன் ஞாபகம் வந்துச்சு' என்று அர்த்தம். பதிலுக்கு இன்னொரு ரீல் வரும், பேச்சு அவ்வளவுதான்.

அவர்கள் எழுத்தை நம் கண்ணால் படிப்பதும் வம்பு. மண்டையோடு இமோஜியைப் பார்த்து நான் பதறியிருக்கிறேன். அது 'சிரிச்சே செத்தேன்' என்பதாம். நான் முற்றுப்புள்ளி வைத்து அனுப்பும் "சரி." அவளுக்குக் கோபமாகத் தெரிகிறதாம். அவள் போட்டோவுக்குக் கீழே "என் செல்லக்குட்டி" என்று கமெண்ட் போடுவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பெரிய தவறு வேறு. "யாரோ தெரியாத ஆள் மெசேஜ் பண்றான்" என்று பிள்ளையே வந்து சொல்லும்போது போனைப் பிடுங்கி பீரோவில் வைப்பது. சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை ஏன் சொல்லப்போகிறாள்? பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதும் கூடாது, ஆதாரம் போய்விடும். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு ரிப்போர்ட், பிளாக். ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். இன்னொரு போனில் படம் பிடியுங்கள். பணம் கேட்டு மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, இவற்றுக்கு போன் பண்ணுங்கள்.

இன்னொன்று, பிறந்த வருஷம். 18 வயதுக்குக் கீழே என்றால் இன்ஸ்டாகிராம் தானாகவே கணக்கைப் பிரைவேட் ஆக்கி, தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்புவதைத் தடுக்கிறது. இந்தியாவுக்கு இந்த 'டீன் அக்கவுன்ட்' 2025 பிப்ரவரியில் வந்தது. வயதைச் சரியாகப் போட்டிருந்தால்தான் இதெல்லாம். மகள் கணக்கைத் திறந்து பார்த்தேன், 1998 என்றிருந்தது. லாக்டவுன் சமயம், 13 வயது ஆகாமல் கணக்கு திறக்க முடியவில்லையென்று அவள் அழுதபோது, மாற்றிப் போட்டுக்கொடுத்தது நான்தான்.