சுற்றளவு தெரிந்தால் ஆரம் கண்டுபிடிப்பது எப்படி?

தூண், குழாய், மரம் என்று எதை எடுத்தாலும் அதன் மையத்தில் அளவுகோலை வைக்க முடியாது, அதனால் ஆரத்தை நேராக அளக்க வழியில்லை. ஆனால் வெளியே டேப்பைச் சுற்றினால் சுற்றளவு கிடைத்துவிடும். அங்கிருந்து ஆரத்துக்கு ஒரே ஒரு வகுத்தல்தான்.

ஆரம் = சுற்றளவு ÷ (2 × பை)

பையின் மதிப்பு 3.14159, அதன் இரண்டு மடங்கு 6.2832. ஆக, சுற்றளவை 6.2832-ஆல் வகுத்தால் வருவது ஆரம், அவ்வளவுதான். ஆரியபட்டர் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே விட்டம் 20,000 என்றால் சுற்றளவு ஏறத்தாழ 62,832 என்று எழுதி வைத்தார். அதாவது ஆரம் 10,000, சுற்றளவை அதால் வகுத்தால் 6.2832, நாம் வகுக்கிற அதே எண். வட்டம் எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது. பூமத்திய ரேகையில் பூமியின் சுற்றளவு சுமார் 40,075 கி.மீ., வகுத்துப் பாருங்கள், 6,378 கி.மீ. வரும்.

ஒரு தூணின் சுற்றளவு 94 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 94 ÷ 6.2832 = 14.96 செ.மீ. கால்குலேட்டரில் போடும்போது மட்டும் கவனம், ஏனென்றால் 94 ÷ 2 × 3.14159 என்று வரிசையாகத் தட்டினால் அது முதலில் 47 ஆக்கி, பிறகு பையால் பெருக்கி 147.65 என்று காட்டும். சுற்றளவைவிட ஆரம் பெரிதாக இருக்கவே முடியாது, அதனால் அப்படி வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். 2 × 3.14159 என்பதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை தனித்தனியாக வகுங்கள். பையால் மட்டும் வகுத்துவிட்டு நிறுத்தினால் கிடைப்பது விட்டம், ஆரம் அல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான்.

கையால் போடுகிறவர்களுக்கு 22/7 வசதி. அப்போது சுற்றளவை 7-ஆல் பெருக்கி 44-ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 44 என்றால் ஆரம் 7, 88 என்றால் 14, 132 என்றால் 21. நம் தூணுக்கு இந்த வழியில் 14.95 வரும், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மனக்கணக்காக வேண்டுமென்றால் சுற்றளவில் 16 சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள், 15.04 வருகிறது, அவசரத்துக்கு அது தாராளம்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, நாம் அளப்பதில் வரும் பிழை ஆரத்துக்குப் போகும்போது ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதுதான். சுற்றளவில் 1 செ.மீ. தப்பாக அளந்தாலும் ஆரத்தில் 1.6 மி.மீ. மட்டுமே தப்பும். மையம் எங்கே என்று கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து அளப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அதற்காக அலட்சியமாகவும் சுற்றக் கூடாது. டேப் சாய்ந்திருந்தால் அளவு கூடத்தான் செய்யும், ஆகவே தூணுக்குச் செங்குத்தாக, ஒரே மட்டத்தில் சுற்றுகிறதா என்று பின்பக்கமும் போய்ப் பாருங்கள். நூலைச் சுற்றி அளந்தால் இழுபடாத நூலாக இருக்கட்டும். தடித்த கயிறு என்றால், கிடைத்த ஆரத்திலிருந்து கயிற்றின் தடிமனில் பாதியைக் கழித்துவிடுங்கள், 1 செ.மீ. கயிறு என்றால் அரை சென்டிமீட்டர். மரம் போல முழு வட்டமாக இல்லாதவற்றில் கிடைப்பது சராசரி ஆரம்தான், அதிலும் பட்டையில் பள்ளம் இருந்தால் டேப் அதைத் தாண்டிப் போய்விடும். சக்கரமாக இருந்தால் சுற்றவே வேண்டாம், ஓரத்தில் ஒரு கோடு போட்டு நேராகப் பத்துச் சுற்று உருட்டி, போன தூரத்தைப் பத்தால் வகுத்தால் சுற்றளவு இன்னும் துல்லியமாக வரும்.

அப்புறம், தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. கேள்வியில் அரைவட்டத்தின் சுற்றளவு 36 செ.மீ. என்றிருந்தால் மேலே சொன்ன சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள். அதில் வளைவோடு நேர்க்கோடான விட்டமும் சேர்ந்திருக்கிறது, எனவே பையோடு 2-ஐக் கூட்டி, வரும் தொகையால் வகுக்க வேண்டும். 22/7 + 2 என்பது 36/7, ஆகவே ஆரம் 7 செ.மீ.