வடிகட்டிவிட்டால் முடிந்ததா? நீரில் சுசூகி வினை செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் லேபில் முதலாண்டு மாணவி ஒருத்தி குடுவையை ஐஸில் வைத்துக்கொண்டிருந்தாள். "சூட்டோடு வடிகட்டும் சோதனைதானே?" என்று கேட்டேன். "ஆமாம் அண்ணா, கை சுடுது, அதான்" என்றாள். சில வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். சுசூகி வினை என்பது பென்சீன் வளையத்தில் புரோமின் போன்ற ஹாலஜன் ஒட்டிய சேர்மத்தை (அரைல் ஹாலைடு) பல்லேடியம் வினையூக்கியால் போரானிக் அமிலத்தோடு இணைப்பது. திட வினையூக்கியிலிருந்து பல்லேடியம் கசிகிறதா என்று அறிய, வினையைப் பாதியில் சூட்டோடு வடிகட்டி, வடிநீரில் வினை தொடர்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. எடை தப்புவது, குடுவை உடைவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆறவைத்து வடிகட்டுவது

கரியிலோ சிலிக்காவிலோ ஏற்றிய பல்லேடியம் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறோம். பல நேரம் அப்படி இல்லை. அரைல் புரோமைடு சேர்ந்ததும் உலோகத்தில் கொஞ்சம் கரைந்து இறங்குகிறது. வினையை நடத்துவதே அதுவாக இருக்கலாம். புரோமைடு தீர்ந்து குடுவையும் ஆறினால், கரைந்தது திரும்பிப் போய்த் தாங்கியின் (அந்தக் கரி அல்லது சிலிக்கா) மேல் படிந்துவிடும். அப்புறம் வடிகட்டினால் வடிநீர் சுத்தமாகத்தான் இருக்கும்.

என் கதை இன்னும் மோசம். 4-புரோமோஅசிட்டோஃபீனோன், ஃபீனைல்போரானிக் அமிலம், பொட்டாசியம் கார்பனேட், 80 டிகிரி. பாதியில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து வடிகட்டினேன். வடிநீரை மூன்று மணி நேரம் சூடாக்கியும் ஜி.சி.யில் (வாயு நிறப்பிரிகை) அசைவில்லை. "கசிவு இல்லை" என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டேன். வடிதாளில் வெள்ளைச் செதில்கள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. நீரில் கரையாத புரோமைடும் விளைபொருளும் ஆறியதும் கெட்டியாகித் தாளிலேயே தங்கியிருந்தன. வடிநீரில் வினைபுரிய ஆளே இல்லை! வாய்மொழித் தேர்வில் ஒருவர் அதைத்தான் கேட்டார். அந்த அத்தியாயத்தை மறுபடி செய்ய நான்கு மாதம் போனது. இன்றும் வெளியாகும் கட்டுரைகளில் அதே வரியைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

வினை 30–40 சதவீதம் நடந்தபோதே, அதே சூட்டில், முன்கூட்டியே சூடாக்கிய வடிகலனில், நைட்ரஜனில் வடிகட்டுங்கள். வடிநீரில் புரோமைடு, போரானிக் அமிலம், காரம் மூன்றையும் புதிதாகச் சேர்த்துச் சூடாக்குங்கள். வினை ஓடினால் பல்லேடியம் இறங்கியிருக்கிறது. ஓடாவிட்டாலும் வடிநீரை ஐ.சி.பி.-எம்.எஸ்.க்கு (நுண்ணளவு உலோகத்தையும் அளக்கும் கருவி) அனுப்பாமல் எதையும் எழுத வேண்டாம்.

ஐந்து சுழற்சி, ஐந்திலும் 98 சதவீதம்

ஒரே வினையூக்கியை வடிகட்டி எடுத்து மறுபடி மறுபடி பயன்படுத்திக் காட்டும் கணக்கு இது. 20 நிமிடத்தில் முடியும் வினையை 6 மணி நேரம் விட்டால், பாதி செத்த வினையூக்கியும் 98 காட்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஐந்தாவது நிமிட சாம்பிளை எடுத்து ஒப்பிடுங்கள். அங்கே தெரியும் லட்சணம்.

காரமும் காந்தக் கட்டியும்

உலோகமே இல்லாமல் நீரில் சுசூகி வினை நடக்கிறது என்று வேதியியலாளர் லெட்பீட்டரின் குழு 2003இல் அறிவித்தது. 2005இல் அவர்களே திருத்தினார்கள்: கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் 50 பி.பி.பி. (நூறு கோடியில் 50 பங்கு) அளவுக்கு இருந்த பல்லேடியம்தான் காரணமாம். தப்பை ஒப்புக்கொண்டு எழுதிய அந்தக் கட்டுரை எனக்கு மிகவும் பிடிக்கும். குடுவையில் கலக்கப் போடும் பழைய காந்தக் கட்டியின் டெஃப்லான் கீறலிலும் உலோகம் ஒளிந்திருக்கும். வினையூக்கி போடாத குடுவை ஒன்றைப் புதுக் கட்டியோடு எப்போதும் கூடவே ஓட்டுங்கள்.

அயோடைடை மட்டும் வைத்துப் பெருமைப்படுவது

அரைல் அயோடைடு எந்த வினையூக்கியிலும் ஓடும். குளோரைடு போட்டுப் பாருங்கள்.

காய்ந்த பல்லேடியம் கரி

மெத்தனால் ஆவி பட்டால் பற்றிக்கொள்ளும். வடிதாளை நனைத்தே வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.