கண்டிஷனல் நாக்அவுட் எலி: ஜீனுக்கு முன்னால் க்ரீயைப் பாருங்கள்

கண்டிஷனல் நாக்அவுட் என்றால் ஒரு ஜீனை உடம்பு முழுக்க எடுக்காமல், வேண்டிய செல்லில், வேண்டிய வயதில் மட்டும் நீக்குவது. அந்த வெட்டைச் செய்யும் நொதிதான் க்ரீ. ஊட்டியில் எங்கள் லேபுக்கு ப்ராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள் கையில் ஒரு ஜீன் பெயரோடுதான் வருவார்கள். "மேடம், நான் சின்கேப்1 பண்றேன்." சரி, பண்ணு. எந்த நியூரானில், எந்த வயதில் அதை எடுக்கப் போகிறாய் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். அதை முடிவு செய்யாமல் ஒரு ஜோடி எலியைக்கூட கூண்டில் சேர்க்காதீர்கள்.

சின்கேப்1 போன்ற சினாப்ஸ் ஜீன்களை, அதாவது நியூரான்கள் இணையும் இடத்தில் வேலை செய்பவற்றை, உடம்பு முழுக்க எடுத்தால் பல நேரம் ஆராய எலியே மிஞ்சாது. எஸ்டிஎக்ஸ்பிபி1 ஜீன் இரண்டு பிரதியும் இல்லாத குட்டி பிறந்த கையோடு இறந்துவிடும். சின்கேப்1 இல்லாதது முதல் வாரத்தைத் தாண்டாது. கிரின்1 கதையும் கிட்டத்தட்ட அதேதான். 1996-ல் விஞ்ஞானி சுசுமு டோனெகாவாவின் குழு அந்தக் கிரின்1-ஐ, மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸின் சிஏ1 பகுதியில் மட்டும் நீக்கிக் காட்டியது. எலிகள் பிழைத்து வளர்ந்தன. இடத்தை நினைவில் வைக்கத்தான் திணறின. இந்த முறையின் பலமே அதுதான்.

வேலை நடக்கும் விதம் எளிது. நீக்க வேண்டிய ஜீன் துண்டின் இருபுறமும் 34 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள லாக்ஸ்பி வரிசைகளை ஒரே திசையில் வைப்பார்கள். இதுதான் ஃப்ளாக்ஸ் பிரதி. பி1 என்ற பாக்டீரியா வைரஸிலிருந்து வந்த க்ரீ நொதி எந்த செல்லில் உருவாகிறதோ, அங்கே நடுத்துண்டு வெட்டுப்பட்டுப் போகும். லாக்ஸ்பி இரண்டும் எதிரெதிர் திசையில் இருந்தால் துண்டு போகாது, திரும்பி உட்காரும்.

இனி எந்த க்ரீ எலி என்பது. பெயரின் முன்பாதி, க்ரீ எந்த ஜீனின் கட்டுப்பாட்டில் உருவாகிறது என்பதைச் சொல்லும். நெஸ்டின்-க்ரீ கருவிலேயே, ஏறக்குறைய 11-ஆம் நாளிலிருந்து, மூளையின் முன்னோடி செல்கள் எல்லாவற்றிலும் வேலை செய்யும். எம்எக்ஸ்1-க்ரீயும் அதே அளவு சீக்கிரம்தான், ஆனால் பெருமூளைப் புறணி, ஹிப்போகாம்பஸ் பக்கம். கேம்கே2-க்ரீ பிறந்து சில வாரம் கழித்து, முன்மூளையின் தூண்டும் நியூரான்களில். தடுக்கும் நியூரான்களில் ஒரு வகை வேண்டுமென்றால் பிவி-க்ரீ. வளர்ந்த எலியில் நீக்க, டமாக்சிஃபென் மருந்து கிடைத்தால்தான் வேலை செய்யும் க்ரீ-இஆர்டி2 வைத்து அந்த ஊசியைப் போட வேண்டும். நெஸ்டின்-க்ரீ எலிகள், ஃப்ளாக்ஸ் எதுவும் இல்லாமலே, எடை குறைவாக இருப்பதுண்டு. அது தெரியாமல் "என் ஜீன் வளர்ச்சியைக் குறைக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

இணை சேர்ப்பதை இரண்டு தலைமுறையாகத் திட்டமிடுங்கள். முதலில் ஃப்ளாக்ஸ் இரு பிரதி எலியோடு க்ரீ எலி. அதில் பிறக்கும் க்ரீ உள்ள குட்டியை மறுபடி ஃப்ளாக்ஸ் இரு பிரதி எலியோடு சேர்த்தால் கால்வாசி உங்களுக்கு வேண்டியவை, அதாவது க்ரீயோடு இரண்டு ஃப்ளாக்ஸ் பிரதியும் உள்ளவை. எட்டுக் குட்டி ஈன்றால் இரண்டு என்று கணக்கு. அதிலும் ஆண், பெண் பிரியும். க்ரீயும் உங்கள் ஜீனும் ஒரே குரோமோசோமில் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது, முன்பே பார்த்துவிடுங்கள். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு, உயிரிப் பாதுகாப்புக் குழு இரண்டின் அனுமதியும் இதற்கெல்லாம் முன்னால் வர வேண்டும்.

நிறையப் பேர் சறுக்குவது ஜீனோடைப்பிங்கில், அதாவது எந்தக் குட்டியிடம் எந்தப் பிரதி என்று டிஎன்ஏவில் பார்ப்பதில். டிஎன்ஏவில் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுதான் ப்ரைமர். வழக்கமான இரண்டு ப்ரைமர் பிசிஆரில் ஒன்று லாக்ஸ்பிக்கு வெளியே, மற்றது உள்ளே ஒட்டும். க்ரீ விந்திலோ முட்டையிலோ கசிந்து ஒரு பிரதி உடம்பு முழுக்க வெட்டுப்பட்டிருந்தால், உள்ளே ஒட்ட இடமே இல்லை. அந்தப் பிரதிக்கு ஜெல்லில் பட்டை வராது. மிச்சமுள்ள ஃப்ளாக்ஸ் பட்டை மட்டும் தெரியும். அது பார்க்க அச்சு அசல் ஃப்ளாக்ஸ் இரு பிரதி போலவே இருக்கும்! அதனால் வெட்டுக்கு அப்பால் ஒட்டும் மூன்றாவது ப்ரைமரையும் கட்டாயம் சேருங்கள். காதுத் துண்டின் டிஎன்ஏவிலேயே வெட்டுப்பட்ட பட்டை அழுத்தமாக வந்தால் அந்தக் குட்டி கண்டிஷனல் இல்லை, ஒதுக்கிவிடுங்கள். சினாப்சின்1-க்ரீ இதில் பேர்போனது: ஆண் எலியின் விரையில் கசியும். அந்த க்ரீயைத் தாய் வழியாகவே கொண்டுவாருங்கள்.

மலையில் வேலை செய்பவர்களுக்குச் சில வார்த்தை. டிசம்பர் காலையில் செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபர் பாட்டிலில் எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் வெள்ளையாகப் படிந்திருக்கும். கெட்டுப்போகவில்லை, குளிருக்குப் பிரிந்திருக்கிறது. 37 டிகிரியில் வைத்துத் தெளிந்த பிறகு எடுங்கள். சோள எண்ணெயில் கரைத்த டமாக்சிஃபெனும் அப்படித்தான், ஊசி போடும் முன் வெதுவெதுப்பாக்கி, படிகம் இல்லையென்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அனிமல் ஹவுஸில் கம்பி சிவக்கும் ஹீட்டர் வேண்டாம். 12 மணி நேர இருட்டு என்று எழுதிவைத்துவிட்டு ராத்திரி முழுக்க மூலையில் வெளிச்சம் எரிந்தால் என்ன அர்த்தம்? எண்ணெய் ஹீட்டர் வையுங்கள், கூண்டில் கூடு கட்டப் பஞ்சோ டிஷ்யூவோ தாராளமாகப் போடுங்கள்.

க்ரீ நிஜமாக எங்கே வெட்டுகிறது என்பதை க்ரீ வெட்டிய செல் சிவப்பாக ஒளிரும் ஏஐ14 போன்ற ரிப்போர்ட்டர் எலியோடு சேர்த்து, மூளைச் சீவலில் உங்கள் கண்ணால் பாருங்கள். லேபிளை நம்பாதீர்கள். அப்புறம் புரத அளவு பார்க்க வெஸ்டர்ன் பிளாட். முழு மூளையை அரைத்தால் க்ரீ தொடாத செல்களின் புரதம் குறைவை மறைத்துவிடும். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். ஜீன் போன அன்றே புரதமும் போய்விடாது என்பதால் போதிய இடைவெளியும் விடுங்கள்.

ஒப்பீட்டு எலிகள் அதே ஈத்தில் பிறந்தவையாக இருக்கட்டும்: க்ரீ இல்லாத ஃப்ளாக்ஸ் இரு பிரதி ஒரு குழு, க்ரீ உள்ள ஃப்ளாக்ஸ் ஒரு பிரதி ஒரு குழு. க்ரீ மட்டும் உள்ளவை இந்த இணையில் பிறக்காது, தனியாக வளர்க்க வேண்டும். டமாக்சிஃபென் போட்டால் எல்லாக் குழுவுக்கும் போடுங்கள். ஒரு பிரதிக் குழுவை ஒப்புக்குச் சப்பாணியாக வைக்காதீர்கள் என்பது என் கருத்து. மனிதர்களில் எஸ்டிஎக்ஸ்பிபி1, சின்கேப்1 நோய்கள் ஒரு பிரதி கெட்டாலே வருபவை. நோய்க்கு அருகில் இருப்பது பல நேரம் அந்தக் குழுதான்.

மூளைச் சீவலில் மின் பதிவு முடித்து நடத்தைச் சோதனைக்கு வரும்போது, தண்ணீருக்குள் மறைந்த மேடையை எலி நினைவில் வைத்துத் தேடும் நீர்த்தொட்டிச் சோதனை வைப்பவர்கள் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பிவிடக் கூடாது. சூடு தண்ணீர் கலந்து 22 முதல் 25 டிகிரிக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் முன் தெர்மாமீட்டர் வையுங்கள். குளிரில் விரைத்த எலி மேடையைக் கண்டுபிடிக்காமல் போனால் அது நினைவுக் குறைபாடு ஆகாது. மேடை கண்ணுக்குத் தெரியும்படி வைத்து ஒரு சுற்றும் ஓட்டுங்கள். அதிலும் உங்கள் நாக்அவுட் எலி தடுமாறினால், நினைவைப் பற்றிப் பேசும் முன் அதன் பார்வையையும் நீச்சலையும் சோதித்துவிடுங்கள்.