வேலை நாளில் காரில் கைத்துப்பாக்கி: எல்லாம் வீட்டிலேயே முடியட்டும்

புதன்கிழமைகளில் அலுவலகம் முடிந்ததும் நேராகச் சுடும் பயிற்சிக்குப் போவேன். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், ஹூஸ்டன் நெரிசலிலேயே பொழுது போய்விடும். அதனால் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை என் கைத்துப்பாக்கி காரில்தான் இருக்கும். அந்த ஒன்பது மணி நேரத்துக்கு நான் செய்யும் ஏற்பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் பார்க்கிங் லாட்டில், என்னோடு வேலை பார்ப்பவரின் கார் கண்ணாடியை உடைத்துத் துப்பாக்கியை எடுத்துப் போய்விட்டார்கள். க்ளவ் பாக்ஸைப் பூட்டித்தான் வைத்திருந்தார். ஆனால் அது பிளாஸ்டிக், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். தினமும் காலையில் காரை நிறுத்திவிட்டு, இடுப்பிலிருந்து எடுத்து க்ளவ் பாக்ஸில் வைத்துப் பூட்டுவது அவர் வழக்கம். யாரோ பல நாள் பார்த்திருக்கிறார்கள் என்பது அவருடைய சந்தேகம், எனக்கும் அதே எண்ணம்தான். காணாமல் போன அந்தத் துப்பாக்கி இன்று யார் கையில் இருக்கிறதோ என்று அவர் இன்னும் கலங்குகிறார்.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்: பார்க்கிங் லாட்டில் துப்பாக்கியைத் தொடவே கூடாது. காலையில் கராஜ் கதவு மூடியிருக்கும்போதே தோட்டாக்களை எடுத்துவிட்டு, சேம்பரை, அதாவது சுடுவதற்குத் தோட்டா ஏறி நிற்கும் அறையை, கண்ணாலும் விரலாலும் பார்த்து, பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். தோட்டா வேறு பையில், டிக்கியில். அலுவலகம் வந்ததும் இறங்கி, காரைப் பூட்டி, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்துவிடுவேன். என்னைக் கவனிப்பவருக்குக் கைப்பை தவிர எதுவும் தெரியாது.

பாதுகாப்புக்காக இடுப்பில் வைத்துக்கொண்டே வருபவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அலுவலகத்துக்குச் சற்று முன்னால், ஆள் இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, ஹோல்ஸ்டரிலிருந்து (இடுப்பில் மாட்டும் உறை) உருவாமல் ஹோல்ஸ்டரோடு சேர்த்தே பெட்டிக்குள் வைக்கச் சொல்வேன். விசை மூடியே இருக்கும், விரல் தவறிப் போக வழியில்லை.

இனி பெட்டி. எஃகுத் தகட்டில் செய்த சின்ன லாக்பாக்ஸ், அதோடு ஒரு எஃகு கேபிள். கேபிளை எதில் சுற்றுகிறோம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தலை சாய்க்கும் பகுதியின் கம்பியில் மாட்டினால், ஒரு பொத்தானை அழுத்தி அதைக் கழற்றிவிடலாம். சீட்டுக்கு அடியில், தரையோடு போல்ட் போட்ட இரும்புச் சட்டத்தைச் சுற்றி வர வேண்டும். அங்கே மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால், பெரும்பாலும் அது ஏர்பேக் ஒயர், கேபிள் அதில் உரசக் கூடாது. மாட்டிய பிறகு சீட்டை முன்னும் பின்னும் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். நான் அப்படிப் பார்க்காததால் முதல் வாரமே கேபிள் சீட் நகரும் தண்டவாளத்தில் சிக்கி நசுங்கியது.

உண்மையைச் சொன்னால், நல்ல கட்டர் வைத்திருப்பவனைக் கேபிள் ரொம்ப நேரம் தடுக்காது. கண்ணாடியை உடைத்து ஒரு நிமிடத்தில் ஓடுபவனைத்தான் தடுக்கும். தினமும் காரில் வைக்க வேண்டியிருப்பவர்கள், நடுக் கன்சோலுக்குள் போல்ட் போட்டு இறுக்கும் எஃகுப் பெட்டகத்துக்கே செலவு செய்யுங்கள். பூட்டில் நான் நம்புவது பேட்டரி இல்லாத பொத்தான் பூட்டை. ஜூலை மதியத்தில் மூடிய காருக்குள் 50 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும், அந்தச் சூட்டில் பேட்டரி சீக்கிரம் கெடும். அந்த வெப்பத்துக்குத் தோட்டா தானாக வெடிக்காது. ஆனால் மாதக்கணக்கில் காரிலேயே கிடந்தால் உள்ளே இருக்கும் வெடிமருந்தின் தரம் கெடும், அன்றன்றே வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். கார் கண்ணாடியில் துப்பாக்கி நிறுவன ஸ்டிக்கர் இருந்தால், தயவுசெய்து உரித்துவிடுங்கள்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் 2011 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் ஊழியர் அதைப் பூட்டிய சொந்தக் காரில் வைப்பதை, பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது. நிறுவனத்தின் காருக்கு இது பொருந்தாது, பள்ளிகளுக்கும் சில ரசாயன ஆலைகளுக்கும் தனி விதி உண்டு. கட்டடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் உரிமை முதலாளிகளுக்கு அப்படியே இருக்கிறது. கலிபோர்னியாவில் 2017 முதல், ஆளில்லாத காரில் விட்டால் டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ வைத்தாக வேண்டும், க்ளவ் பாக்ஸ் பெட்டியாகாது. கொலராடோவில் 2025 ஜனவரி முதல் கெட்டியான பூட்டுப் பெட்டி கட்டாயம். வேலை முடிந்து தபால் நிலையத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், அவர்களுடைய பார்க்கிங் லாட்டுக்கும் மத்திய அரசின் தடை உண்டு என்பதை மறக்காதீர்கள்.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எச்1பி, எச்4 போன்ற விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். நான் குடியுரிமை வாங்கிய பிறகுதான் வாங்கினேன். உங்களிடம் கிரீன் கார்டு இருந்து, துணைவர் இன்னும் விசாவில் இருந்தால், துப்பாக்கி உள்ள காரின் சாவியை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். சர்வீசுக்கு விடும்போதும், ஹோட்டலில் வண்டியை நிறுத்தத் தரும்போதும் இதே கவனம் வேண்டும்.

அப்புறம், வரிசை எண். என் சக ஊழியர் அதை எங்கும் குறித்து வைக்கவில்லை. துப்பாக்கி வாங்கியபோது வந்த பெட்டியைத் தேடி எடுத்துப் போலீசிடம் எண்ணைச் சொல்ல மறுநாள் ஆகிவிட்டது. எண் இருந்தால்தான் திருட்டுத் துப்பாக்கிகளின் தேசியப் பதிவில் ஏற்ற முடியும். எண்ணும் படமும் வீட்டில் ஒரு பிரதி, உங்கள் மின்னஞ்சலில் ஒரு பிரதி இருக்கட்டும். காணவில்லை என்று தெரிந்த உடனே கூப்பிடுங்கள்.

மாலையில் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பெட்டியை இரவு காரில் விடுவதில்லை. கராஜ் கதவு இறங்கியதும் கேபிளைக் கழற்றி, சேம்பரை இன்னொரு முறை பார்த்து, வீட்டுப் பெட்டகத்தில் வைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன்.