ஒரே சி கோடில் இருந்து விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் ஷேர்டு லைப்ரரி

புரோகிராம்கள் ஓடும்போது இணைத்துக்கொள்ளும் தனி கோடு ஃபைல்தான் ஷேர்டு லைப்ரரி: விண்டோஸுக்கு டிஎல்எல், லினக்ஸுக்கு எஸ்ஓ, மேக்குக்கு டைலிப். மூன்றுக்கும் தனித்தனி கோடு வேண்டாம், சி மொழியில் ஒரே ஃபைல் போதும். தமிழ் வரியைக் கொடுத்தால் எத்தனை எழுத்து என்று எண்ணித் தரும் ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம் ("தமிழ்" யூனிகோடில் 5 குறிகள், நமக்கு 3 எழுத்து). லைப்ரரிக்குப் பெயர் ‘எண்ணி’.

முதலில் சிமேக் (மூன்று இயங்குதளத்திலும் பில்ட் செய்ய உதவும் கருவி) நிறுவுங்கள். கம்பைலர் லினக்ஸில் ஜிசிசி, மேக்கில் எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் டூல்ஸ், விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ். அப்புறம் சிமேக் ஃபைலில் ‘ஆட் லைப்ரரி’ வரியில் பெயருக்குப் பக்கத்தில் ‘ஷேர்டு’ என்று போடுங்கள். லினக்ஸுக்குத் தேவையான ‘பிக்’ (மெமரியில் எந்த இடத்தில் ஏற்றினாலும் ஓடும் கோடு) ஆப்ஷனை சிமேக்கே சேர்த்துவிடும்.

அடுத்த படிதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். லினக்ஸிலும் மேக்கிலும் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்டாட்டிக் அல்லாத எல்லா ஃபங்ஷனும் வெளியே தெரியும் (மற்ற புரோகிராம்கள் அழைக்கலாம்), ஆனால் விஷுவல் ஸ்டுடியோவில் ஒன்றுகூடத் தெரியாது. டிஎல்எல் எந்தப் பிழையும் காட்டாமல் உருவாகிவிடும், கூடவே வரவேண்டிய ‘லிப்’ ஃபைல் (டிஎல்எல்லைப் புரோகிராமோடு இணைக்க உதவுவது) மட்டும் வராது, அதை இணைக்கப் போகும் புரோகிராம் ‘லிப் ஃபைல் இல்லை’ என்று நின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் பலர் இங்கேதான் திணறுகிறார்கள். விண்டோஸிலும் எல்லாவற்றையும் திறந்துவிட சிமேக்கில் ஒரு செட்டிங் இருக்கிறது, நான் அதைச் சொல்ல மாட்டேன். மூன்று இடத்திலும் எல்லாவற்றையும் மூடிவைத்து, வேண்டியதை மட்டும் திறப்பதுதான் சரி, ஏனென்றால் ஒருமுறை வெளியே தெரிந்த ஃபங்ஷனை யாராவது பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் பிறகு அதை மாற்றவே முடியாது. இதற்கு விசிபிலிட்டியை ‘ஹிட்டன்’ ஆக்குங்கள், சிமேக்கின் ‘ஜெனரேட் எக்ஸ்போர்ட் ஹெடர்’ உருவாக்கித் தரும் மேக்ரோவை நம் ஃபங்ஷன் அறிவிப்புக்கு முன்னால் போடுங்கள்.

இப்போது அந்தந்த இயங்குதளத்திலேயே பில்ட் செய்யுங்கள். ஃபங்ஷன் உண்மையிலேயே வெளியே தெரிகிறதா என்று லினக்ஸிலும் மேக்கிலும் ‘என்எம்’, விண்டோஸில் ‘டம்ப்பின்’ வைத்துப் பாருங்கள்.

ஓட்டும்போது இன்னொரு வித்தியாசம். டிஎல்எல்லை எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் வைத்தால் விண்டோஸ் கண்டுபிடித்துக்கொள்ளும். லினக்ஸ் அந்த ஃபோல்டரைத் தானாகப் பார்க்காது, அதனால் புரோகிராமின் ‘ஆர்பாத்’ (லைப்ரரியைத் தேடும் இடம்) மதிப்பாக ‘டாலர் ஒரிஜின்’ (புரோகிராம் இருக்கும் ஃபோல்டர்) கொடுக்க வேண்டும். மேக்கில் அதே வேலையை ‘அட் லோடர் பாத்’ செய்யும்.

நம் ஃபங்ஷன் வெறும் எண்ணைத் தருவதால் மெமரி பற்றிக் கவலை இல்லை. நாளைக்கு சரம் ஒன்றைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் எழுதினால், அந்த மெமரியை விடுவிக்கும் ஃபங்ஷனையும் லைப்ரரியிலேயே வைத்துவிடுங்கள். விண்டோஸில் டிஎல்எல்லும் புரோகிராமும் வெவ்வேறு ஹீப் (மெமரி ஒதுக்கும் பகுதி) வைத்திருக்கலாம், ஒன்று ஒதுக்கியதை மற்றொன்று விடுவித்தால் கிராஷ் ஆகும்.

லினக்ஸ் ஃபைலைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால், நீங்கள் ஆதரிக்க நினைக்கும் பதிப்புகளில் மிகப் பழையதில் பில்ட் செய்யுங்கள். புதிய ஜிலிப்சியில் (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) செய்தது பழையதில் பெரும்பாலும் ஏறாது.