பழைய ஆமி பைனாகுலர் வாங்குகிறதென்றால்

வெள்ளாவெளிப் பக்கம் வேளாண்மை செய்கிறவருக்கு, பொழுதுபடுகிற நேரம் காட்டோரத்தில் நிற்பது யானையா எருமையா என்று பரணில் இருந்தே தெரிந்தால் அது பெரிய நிம்மதி. அதற்கு நல்ல பழைய ஆமி பைனாகுலர் ஒன்று போதும். லண்டனிலோ ஜேர்மனியிலோ இருக்கிற மச்சானிடம் சொன்னால் பழைய சாமான் சந்தையில் வாங்கி வருவார்தான், ஆனால் "உலகப்போர்க் காலத்து ஒரிஜினல்" என்று கடைக்காரன் சொன்னதுமே காசை நீட்டிவிடுவார். அதனால் என்ன பார்க்க வேணும் என்று முதலே சொல்லி விடுங்கள்.

பைனாகுலரின் மேலே பொறித்திருக்கிற எண் முக்கியம். 7×50 என்றால் ஏழு மடங்கு பெருப்பிக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீற்றர். 50ஐ 7ஆல் பிரித்தால் வருகிற 7 மில்லிமீற்றர் சொச்சம்தான் கண்ணுக்கு வருகிற ஒளிவட்டம். மம்மலில் கண்மணி விரியும்போது அது கைகொடுக்கும். பாரம்தான், ஒரு கிலோ அளவில் வரும். 8×30இல் அந்த வட்டம் 4கூட இல்லை, பகலில் குமனைக்குப் பறவை பார்க்கப் போகிறவருக்கு அது சரி. 20 மடங்கு என்று ஆசை காட்டினால் வேண்டாம், கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது.

அடுத்தது பங்கசு, அதாவது லென்ஸில் பிடிக்கிற பூஞ்சணம். எங்கள் உப்புக் காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் இதுதான் எமன். வீடியோ கோலில் மச்சானைப் பிடித்து, போன் டோர்ச்சைக் கண் வைக்கிற பக்கத்தால் அடித்து, முன் லென்ஸ் வழியாக உள்ளே காட்டச் சொல்லுங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள், துடைத்து எடுத்தாலும் லென்ஸின் பூச்சை அது அரித்திருக்கும். வெளியே பெயின்ற் உரிந்திருந்தால் பரவாயில்லை. முத்திரை, அம்புக்குறி, ஆண்டு எல்லாம் சேகரிக்கிறவருக்கு, உங்களுக்கு இல்லை. லென்ஸில் படுகிற வெளிச்சம் நீலமாகவோ ஊதாவாகவோ திரும்பினால் பூச்சு இருக்கிறது. வெறும் வெள்ளையாகத் திரும்பினால் அனேகமாகப் பூச்சில்லாத பழசு, மங்கலாகத்தான் காட்டும்.

எங்காவது விழுந்த சாமான் என்றால் உள்ளே பிரிஸம் நகர்ந்திருக்கும். தூரத்துக் கூரை முகட்டையோ மதிலையோ பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்லப் பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேணும். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் பத்து நிமிடத்தில் தலையிடி.

உள்ளே சின்னக் கோடுகள் தெரிந்தால் கீறல் என்று நினைக்காதீர்கள், அது மில் அளவு, தூரம் கணிக்கிறதுக்கான கோடுகள். 1000 மீற்றரில் 1 மீற்றர் உயரம் ஏறக்குறைய 1 மில். இரண்டரை மீற்றர் யானை 10 மில் உயரம் தெரிந்தால் அது 250 மீற்றரில் நிற்கிறது, யானை வெடி கொளுத்துவதா சத்தமில்லாமல் இருப்பதா என்று அதை வைத்து முடிவெடுக்கலாம்.

கமோஃப்ளாஜ் நிறத்தில் பையோ பட்டியோ இலவசமாகத் தந்தாலும் அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள், சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்லுகிற வேலை எதற்கு. தோல் உறை வந்தால் ஷோகேஸில் வையுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துப் பங்கசு வளர்க்கும். பைனாகுலரைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைக்க வேணும்.