ஸ்டென்ட் வைத்தபின் தட்டணு மாத்திரைகள்: கவனிக்க வேண்டியவை

ஸ்டென்ட் என்பது அடைபட்ட இதயத் தமனியைத் திறந்து வைக்கும் கம்பிவலைக் குழாய். அதை வைத்தபின் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டிக்காக்ரெலார் போன்றவற்றை ‘ரத்தத்தை இளக்கும் மாத்திரை’ என்கிறோம். ரத்தம் இளகுவதில்லை. தமனிக்குள் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் சின்ன அணுக்கள்) ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத்தான் இவை தடுக்கின்றன.

ஆஸ்பிரின் வழக்கமாக தினம் 75 முதல் 100 மி.கி. அது முடக்கிய தட்டணு, தன் 7–10 நாள் ஆயுள் முழுக்க முடங்கியே கிடக்கும். ஆனால் எலும்பு மஜ்ஜை தினமும் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை தினமும் தேவைப்படுவது அதனால்தான். குளோபிடோக்ரெல் தினம் ஒருமுறை, 75 மி.கி. டிக்காக்ரெலாரோ காலை, மாலை 90 மி.கி.; அதன் பிடி சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால் மாலை வேளையைக் கோட்டைவிடக் கூடாது. மறந்துபோனால் அடுத்த வேளையை உரிய நேரத்தில் போடுங்கள். எந்த மாத்திரையையும் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

வலிக்கு ஐபுப்ரோஃபென் போடுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். தட்டணுவில் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தில் அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அது எழுந்து போவதற்குள் ஆஸ்பிரின் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அன்றைய மாத்திரை வீண். போட்டே ஆகவேண்டுமென்றால், சாதாரண (மேல்பூச்சு இல்லாத) ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு அபாயமும் கூடும், ஆகவே மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் ஆகாது. கல்லீரலில் அந்த மருந்து செயல்படும் வடிவத்துக்கு மாறுவதை இவை தடுக்கும். அவற்றுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பான்டோப்ரசோல் தருவார்கள்.

பெரிய ஆபத்து, நாமாக நிறுத்துவதுதான். ஸ்டென்ட்டின் கம்பிகள்மேல் தமனியின் உள்தோல் மூடி வளரப் பல மாதங்கள் பிடிக்கும். அதற்குமுன் நிறுத்தினால் உள்ளேயே ரத்தம் கட்டி, திடீர் மாரடைப்பு வரலாம். மாரடைப்புக்குப்பின் பொதுவாக 12 மாதம், மற்றவர்களுக்கு 6 மாதம் இரண்டு மாத்திரைகள் (ஆஸ்பிரினோடு இன்னொரு தட்டணு மாத்திரை). ரத்தக் கசிவு அபாயம் இருப்பவர்களுக்கு மருத்துவர் குறைப்பார். அறுவை சிகிச்சை என்றால் குளோபிடோக்ரெலை 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்லலாம். அதை இதய மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையே இல்லை.

பல் துலக்கும்போது லேசாக ரத்தம் கசிந்தால் பதற வேண்டாம். மலம் தார்போலக் கறுத்தால், ரத்த வாந்தி வந்தால், தலையில் அடிபட்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.